நாய்க்கடி ஊசியும் வரிக் கழிவும்

பிப்ரவரி மாதம் வாத்தியார்களுக்குச் சம்பளம் கிடையாது. அடியோடு கிடையாது என்றில்லை. வருஷம் முழுவதற்குமான வருமான வரியில் பாக்கியை அந்த மாதம் மொத்தமாகப் பிடித்துவிட்டு, மிச்சத்தைப் போடுவார்கள். அந்த மிச்சத்தைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. அந்த மாதம் முழுக்க ஸ்டாஃப் ரூமில் எல்லார் முகமும் கடுகடுவென்று இருக்கும்.

திருக்கோகர்ணம் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். வீடு கீரனூரில். அந்த பிப்ரவரியில் என் இடது முன்கையில் ஒரு கட்டு இருந்தது. குக்கர் ஆவி அடித்துவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். எங்கள் பள்ளியில் வரிக் கணக்குப் போட்டுத் தருபவர் கணக்கு டீச்சர்தான். என் படிவத்தை வைத்துக்கொண்டு அவர் என்னைக் கூப்பிட்டார். படிவத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். கட்டு கொஞ்சம் நழுவியிருந்தது. பல் பதிந்த தடம் நன்றாகவே தெரிந்தது.

"குக்கருக்குப் பல்லு மொளச்சிருக்கா டீச்சர்?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. எழுந்துவிட்டேன். அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ஒங்க பையனப் பத்தி எனக்குத் தெரியும். யாரு சொன்னாங்கன்னு கேக்காதீங்க. மூணு வருஷமா ஒங்க ஃபார்ம நாந்தான் பாக்குறேன். வீட்டுக் கடன் போட்டிருக்கீங்க, எல்ஐசி போட்டிருக்கீங்க. மாற்றுத்திறனாளிப் பிள்ளைய வச்சிப் பாக்குறவங்களுக்கு ஒரு கழிவு இருக்கு. அந்தக் கட்டத்த மட்டும் வருஷா வருஷம் காலியாவே விடுறீங்க. ரசீதுகூடக் கேக்க மாட்டாங்க. சர்டிபிகேட் இருந்தாப் போதும். ஊனம் எம்பது சதவீதம்னு எழுதிட்டா கழிவு இன்னும் கூட."

"இப்பத்தான் பிடிச்சாச்சே."

"மார்ச் முடியறதுக்குள்ள சர்டிபிகேட் வாங்கிட்டீங்கன்னா, ஜூலைல ரிட்டர்ன் போடும்போது பிடிச்சதத் திருப்பி வாங்கிடலாம். பழைய வருஷத்துக்கெல்லாம் விட்டது விட்டதுதான். அப்பல்லாம் கையில சர்டிபிகேட் இல்லையே."

எண்பது போட்டால் திரும்ப வருவது எவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டில் போட்டுக் காட்டினார். திருச்சி ரோட்டில் ஒரு சென்டர் இருக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளைகளை வேன் வைத்துக் காலையில் கூட்டிப் போய் மாலையில் கொண்டுவந்து விடுவார்கள். அங்கே அரை வருஷம் அவனை அனுப்ப அந்தப் பணம் போதும். மிச்சத்தை எப்படியாவது புரட்டிக்கொள்ளலாம். விசாரித்துவிட்டு, வழியில்லை என்று நான் மறந்துவிட்ட சென்டர் அது.

என் மகனுக்குப் பதின்மூன்று வயது. பேச்சு கிடையாது. மூன்று வயதிலேயே திருச்சியில் ஒரு டாக்டர் ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தை எங்கள் வீட்டில் அன்றோடு சரி. 'பேச்சு கொஞ்சம் லேட்டு' என்பதுதான் நாங்கள் வெளியே சொன்னது. பத்து வருஷமாகச் சொன்னோம். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது அவன் அடித்தால் பூ விழுந்த மாதிரி இருக்கும். இப்போது என்னைவிட உயரம். கரண்ட் போனால் அடிப்பான். மிக்ஸி ஓடினால் அடிப்பான். சோற்றுத் தட்டை மாற்றி வைத்தால் அடிப்பான். என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக் கதவு நிலையில் மோதியிருக்கிறான். யாரும் கிடைக்காவிட்டால் தன் தலையையே சுவரில் முட்டுவான். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். வயிற்றில் விழும் சத்தம் அது.

என் கணவருக்குக் கீரனூரில் மோட்டார் ரிவைண்டிங் கடை. அவரும் சாந்த சொரூபி இல்லை. கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். இரண்டு செல்போன், ஒரு மிக்ஸி ஜார், என் கல்யாணத்துக்கு வந்த சுவர்க் கடிகாரம் எல்லாம் அப்படிப் போனவை. நானும் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ரகம் இல்லை. பையன் வெறி பிடித்துக் கத்தும்போது அவர் அவனை உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே தொம் தொம் என்று கேட்கும். அடிக்கிறார் என்று நினைத்து நான் வெளியே நின்று கதவை உதைப்பேன், வாயில் வந்ததையெல்லாம் திட்டுவேன். கொஞ்ச நேரத்தில் கதவு திறக்கும். பையன் மூலையில் உட்கார்ந்திருப்பான். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விடுவார். அவனும் அவரும் ஒரு அறையில் படுப்பார்கள், நான் இன்னொரு அறையில். அவரைச் சட்டையில்லாமல் பார்த்தே வருஷக்கணக்காகிவிட்டது.

அவர் செய்த ஒரு கூத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஒருமுறை அவரது மணிக்கட்டில் பையன் கடித்தது சீழ் பிடித்துவிட்டது. கடைக்கு வந்த அவருடைய அண்ணன் அதைப் பார்த்து என்ன என்று கேட்டார். மகன் கடித்தான் என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. "நாயி கடிச்சிருச்சுண்ணே" என்றிருக்கிறார். அண்ணன் விடுவாரா, அப்படியே வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டார். வீட்டு நாயா, தெரு நாயா என்று நர்ஸ் கேட்டிருக்கிறார். இவர் தெரு நாய் என்றிருக்கிறார். நாய் உயிரோடு இருக்கிறதா, பத்து நாளைக்குக் கவனியுங்கள் என்று நர்ஸ் சொல்ல, "கவனிச்சுக்கிட்டுத்தாங்க இருக்கேன்" என்று பதில் சொல்லிவிட்டு ஊசி போட்டுக்கொண்டார். அதோடு விட்டாரா, மறு தேதிகளுக்கும் தவறாமல் போய் எல்லா ஊசியையும் போட்டுக்கொண்டு வந்தார். உலகத்தில் பெற்ற பிள்ளை கடித்ததற்கு நாய்க்கடி ஊசி முழுசாகப் போட்டுக்கொண்ட ஒரே தகப்பன் இவராகத்தான் இருக்கும். அன்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் அடுப்படியில் போய் அழுதேன்.

இத்தனை மறைப்பும் எதற்கு என்றால், அண்ணனுக்கு ஒரு மகள் இருக்கிறாள், வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடும்பத்தில் இப்படி ஒரு பிள்ளை என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குவார்களாம். பேச்சு லேட்டு என்றால் பரவாயில்லை. முத்திரை குத்திய பேப்பர் வந்துவிட்டால் அது ரத்தத்திலேயே இருக்கிறது என்று ஆகிவிடுமாம். குன்றாண்டார்கோவில் பக்கம் அவர்கள் ஊர். அங்கே யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுகூட எல்லாருக்கும் தெரியும். இது மட்டும் யாருக்கும் தெரியாது என்று இவர்கள் நம்பினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பேச்சை எடுத்தேன். சாப்பிடும்போது எடுத்தது தப்பு என்று அம்மா இருந்தால் சொல்லியிருப்பாள்.

"ஏங்க, பயலுக்கு சர்டிபிகேட் எடுத்துருவோம். பிடிச்ச வரி திரும்பி வரும். சென்டர்ல சேத்துடலாம்."

"எம்மவன ஊனம்னு எழுதிக் குடுத்து காசு வாங்கச் சொல்றியா?"

"காசு என்னோட சம்பளக் காசு. யாருகிட்டயும் பிச்சை எடுக்கல."

"அண்ணன் மகள அடுத்த மாசம் பொண்ணு பாக்க வாறாங்க. இந்த நேரம் பாத்து நீ பேப்பரத் தூக்கிக்கிட்டு அலைவியா?"

"அவளுக்கு மாப்பிள வரணும்னா எம்புள்ள சொவத்துல முட்டிச் சாகணுமா?"

அறைந்துவிட்டார். சோற்றுக் கையால். கன்னத்தில் ரசம் வழிந்தது. என் கையில் குழம்புக் கரண்டி இருந்தது. யோசிக்கவே இல்லை, திருப்பி ஒரு போடு போட்டேன். நெற்றியில் பட்டு, புருவத்துக்கு மேலே கிழிந்து ரத்தம் வந்தது. இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றோம். எங்கள் சத்தம் பொறுக்காமல் உள்ளே பையன் தலையை முட்டத் தொடங்கினான். அவர் எச்சில் கையோடு ஓடினார். கதவு சாத்திக்கொண்டது. தொம், தொம். நான் அந்தத் தட்டைக் காலால் எட்டி உதைத்தேன். சோறு கூடம் முழுக்கச் சிதறியது. அன்று அதை யாரும் அள்ளவில்லை.

மார்ச் பிறந்தது. பகலில் பையனைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மா வந்துகொண்டிருந்தார். அவர் காதுத் தோட்டைப் பிடித்து இவன் இழுத்ததில் காது கிழிந்துவிட்டது. தையல் போட்டுக்கொண்டு அவர் நின்றுவிட்டார், நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கு அப்போது பரீட்சை ட்யூட்டி, லீவு கிடையாது. என் கணவருக்குக் கடையில் கோடைக்கால வேலை. பம்பு செட்டெல்லாம் எரிந்துபோய் வரும் நேரம். "ஊர்ல அண்ணன் வீட்டுல விட்டுட்டு வாறேன், சாயந்தரம் கூட்டிக்கலாம்" என்றார். எனக்கு மனசே இல்லை. ஆனாலும் பஸ்ஸைப் பிடித்து ட்யூட்டிக்குப் போனேன்.

சாயங்காலம் கீரனூரில் இறங்கி, அவரோடு வண்டியில் ஊருக்குப் போனேன். வாசலில் பையன் இல்லை. கொட்டகைப் பக்கம் மாடு கத்துவது மாதிரி ஒரு சத்தம். மாடு இல்லை, அவன்தான். கொட்டகைத் தூணில் மாட்டுக் கயிற்றால் கட்டிப் போட்டிருந்தார்கள். இரண்டு மணிக்கட்டும் தோல் உரிந்து சிவந்திருந்தன. கால்சட்டை நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்திருந்தது. தூணில் முட்டி முட்டி நெற்றி வீங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு தட்டில் சோறு, ஈ மொய்த்துக் கிடந்தது.

அவருடைய அண்ணன் துண்டால் முகம் துடைத்துக்கொண்டு வந்தார். "இங்க பாரும்மா, கோவப்படாத. பொண்ணு பாக்க வாறவங்க திடீர்னு இன்னைக்கே வந்து ஒக்காந்துட்டாங்க. இவன் கத்துறான், கல்லெடுத்து எறியுறான். என்ன பண்ணச் சொல்ற? கட்டிப் போட்டாத்தான் அடங்குறான். நீங்களும் வேலைக்குப் போகையில இப்புடிக் கட்டிப் போட்டுட்டுப் போங்க. செலவில்லாத வழி."

செலவில்லாத வழி. அந்த வார்த்தைதான் எனக்குள் எதையோ அறுத்தது. தொட்டிப் பக்கம் தண்ணீர் வாளி இருந்தது, இரும்பு வாளி. அதைத் தூக்கி அவர் தோளில் இறக்கினேன். "ஒம் மகள இப்புடிக் கட்டிப் போடுவியாய்யா?" என்று கத்தினேன். அதுவரை அவரை மாமா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அவர் என்னைப் பிடித்துத் தள்ளினார். நான் தொட்டி விளிம்பில் போய் விழுந்தேன், முழங்கைத் தோல் பெயர்ந்தது. எழுந்து மறுபடி வாளியை எடுத்தேன். கொலை செய்ய முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பொண்ணு பார்க்க வந்தவர்கள் போய்விட்டார்களா, இன்னும் உள்ளே இருக்கிறார்களா என்றெல்லாம் நான் நினைக்கவே இல்லை.

என் கணவர் குறுக்கே வரவில்லை. அவர் தூணுக்குக் கீழே உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மகன் இழுத்து இழுத்து முடிச்சு இறுகிப் போயிருந்தது. செப்புக் கம்பியை இழை இழையாகச் சுற்றுகிற விரல்களுக்கும் அது வசப்படவில்லை. கடைசியில் பல்லால் கடித்து அவிழ்த்தார். கை விடுபட்டதும் பையன் முதல் வேலையாக அப்பா முகத்தில் ஓங்கிக் குத்தினான். உதடு கிழிந்தது. அவர் துடைக்கக்கூட இல்லை.

பையனை நடுவில் வைத்துக்கொண்டு வண்டியில் திரும்பினோம். பாதி வழி வந்த பிறகு, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"போர்டு என்னைக்கு ஒக்காருது?"

வாரத்தில் ஒரு நாள்தான் சர்டிபிகேட் கொடுக்கும் டாக்டர்கள் குழு உட்காரும். மார்ச் முடிய எங்களுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு போர்டு. பையனைக் கிளப்பி, புதுக்கோட்டை பஸ்ஸில் ஏற்றி, ஜன்னலோரம் உட்கார வைத்தோம். வழியில் ஒரு முறை என் தாடையில் தலையால் இடித்தான், பல் நாக்கில் பட்டு வாயெல்லாம் ரத்தம். ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போது முன்னால் நின்ற ஒரு பெரியவரின் முதுகில் அறைந்தான். அவர் திரும்பிப் பார்த்து, "பரவாயில்லம்மா, எம் பேரனும் இப்புடித்தான்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்நாளில் முதல்முறையாக, அவன் அடிப்பதில் எனக்கு ஒரு தைரியம் வந்தது. டாக்டர் இதைப் பார்த்தால் போதும், எழுதிக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன்.

உள்ளே போனோம். மூலையில் ஒரு பழைய ஸ்டாண்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. முன் வலை இல்லை. ஒரு சுற்றுக்கு ஒரு தடவை 'டக்' என்று ஒரு சத்தம். பையன் நேராகப் போய் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டான். அவ்வளவுதான். ஆடாமல் அசையாமல், முதல் பெஞ்சு மாணவன் மாதிரி உட்கார்ந்துவிட்டான்.

பேர் கேட்டார்கள், திரும்பவில்லை. பந்தைக் காட்டினார்கள், பார்க்கவில்லை. ஆனால் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. நான் சொல்லச் சொல்ல, டாக்டருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா தாளில் குறித்துக்கொண்டே வந்தார். டாக்டர் வயதானவர், முகத்தில் கடுமை இல்லை.

"அடிப்பான், கடிப்பான்னு சொல்றீங்க. இங்க நல்லாத்தான் ஒக்காந்திருக்கான்."

என் முன்கையில் இருந்த கடித் தழும்பைக் காட்டினேன். "ஒரு கடி எந்தப் பிள்ளையும் கடிக்கும்மா" என்றார். "ஆட்டிசம் இருக்கு, இல்லேங்கல. எவ்வளவு கடுமைங்கறதத்தான் எழுதணும். நான் பாக்காதத எழுத முடியாது. லேசானதுன்னு போட்டுத் தரவா? இல்ல, ஆறு மாசம் கழிச்சுக் கொண்டாறீங்களா, இன்னொரு தரம் பாப்போம்."

லேசானது. கயிறு, தூண், ஈ மொய்த்த சோறு எல்லாம் லேசானது. லேசானது என்று எழுதினால் திரும்பி வரும் பணம் சென்டருக்கு நாலு மாதத்துக்குக்கூடக் காணாது. ஆறு மாதம் என்றால் இந்த வருஷமே போனது. நாளைக் காலை நான் பள்ளிக்குப் போக வேண்டும். அவனை எங்கே விடுவது?

ஃபேன் ஸ்விட்ச் எனக்குப் பக்கத்துச் சுவரிலேயே இருந்தது. அதை அணைத்தால் போதும். அந்த 'டக்' சத்தம் நின்ற அடுத்த நொடி அவன் எழுந்திருப்பான். மேஜை கவிழும், டாக்டரின் கண்ணாடி பறக்கும், எல்லாரும் நேரிலேயே பார்த்துக்கொள்வார்கள். அதுதான் சரி என்று எனக்குப் பட்டது. கையை நீட்டினேன்.

என் மணிக்கட்டை என் கணவர் பிடித்தார். வலிக்கிற பிடி.

"வேணாம்" என்றார். "புள்ள நிம்மதியா இருக்கான்."

பிறகு எழுந்து நின்று சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார். டாக்டர், "என்னங்க, என்ன பண்றீங்க?" என்றார்.  இவர் சட்டையைக் கழற்றினார். பனியனைத் தலை வழியாக உருவினார். டாக்டர் பக்கம் திரும்பி நின்றார்.

தோள் இரண்டிலும், புஜத்திலும், விலாவிலும் கடித் தடங்கள். பழையவை வெள்ளைத் தழும்பாக, புதியவை கறுப்பும் சிவப்புமாக, ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. இடது தோளில் சதையே கொஞ்சம் குழிந்திருந்தது. நெஞ்சில் எலும்புக்கு நடுவே நீலம் பாரித்து ஒரு பெரிய கன்றல், யாரோ அதே இடத்தில் தினமும் இடித்த மாதிரி.

"சொவத்துல தலைய முட்டுவான் சார்" என்றார்.  "முட்டாம இருக்க நான் குறுக்க நின்னுக்குவேன். எம் நெஞ்சுல முட்டுவான். அப்பயும் அடங்கலன்னா கடிப்பான். கடிச்சாத்தான் அடங்குவான், அதனால தோளக் குடுத்துருவேன். எங்க வீட்டம்மாவுக்குக்கூடத் தெரியாது. ஊர்ல நாயின்னு சொல்லி வச்சிருக்கேன். நாய்க்கடி ஊசி பூராவும் போட்டுக்கிட்டேன் சார், எம் மவனக் காட்டிக் குடுக்காம."

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. குறித்துக்கொண்டிருந்த அம்மா பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். டாக்டர் எழுந்து வந்து அந்தத் தழும்புகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். நான் கதவுக்கு வெளியே நின்று திட்டிய திட்டெல்லாம் என் காதிலேயே திரும்பக் கேட்டது. அதற்காக அவர் என்னை அறைந்தது இல்லை என்று ஆகிவிடாது. அது அதுதான், இது இதுதான். இரண்டும் ஒரே ஆள். எனக்கு அந்த இடத்தில் அவரை இன்னொரு அடி அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அந்தச் சட்டையை வாங்கிப் போர்த்திவிட வேண்டும் போலவும் இருந்தது.

"சட்டையப் போட்டுக்குங்க" என்றார் டாக்டர். தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். "இப்ப முதல்லேர்ந்து கேப்போம். இந்தத் தடவை அப்பா சொல்லட்டும்."

அவர் சொன்னார். பத்து வருஷமாக யாரிடமும் சொல்லாததை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னார். எண்பதுக்கு மேல் எழுதிக் கொடுத்தார்கள்.

ஜூலையில் கணக்கு டீச்சரே பக்கத்தில் உட்கார்ந்து ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தார். பணம் வந்தது. வந்த செய்தியைப் போனில் பார்த்துவிட்டு நான் வகுப்புக்குப் போனேன், வேறு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பையன் இப்போது வேனில் போகிறான். முதல் வாரம் வேன் அக்காவைக் கடித்தான். இவர் போய், அவன் தாடையை எப்படிப் பிடித்தால் விடுவான் என்று காட்டிக் கொடுத்தார். அண்ணன் மகளுக்கு வேறு இடத்தில் நிச்சயம் ஆகிவிட்டது, எங்களுக்குச் சொல்லவில்லை. வீட்டில் இன்னும் சாமான் பறக்கத்தான் செய்கிறது. ஆனால் உள்ளறைக் கதவை இப்போது நாங்கள் சாத்துவதில்லை. சில நாள் அவர் குறுக்கே நிற்கிறார், சில நாள் நான்.

போன வாரம் கடைக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். அவர் முழுக்கைச் சட்டையை மடித்து விட்டுக்கொண்டு ஒரு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். முன்கையில் புதுக் கடி, மருந்துகூடப் போடவில்லை. மோட்டார் வாங்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டார்.

"என்னண்ணே, மறுபடியும் நாயா?"

அவர் கம்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாயில்லப்பா. எம் மவன் கடிச்சான்" என்றார்.